2019-ல் கட்டிய ஏஎம்4 டெஸ்க்டாப்: இப்போது மாற்றுவதா, பொறுத்திருப்பதா?

ரைசன் 5 3600 ப்ராசசர், பி450 போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டு, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி டிரைவ். 2019 கடைசியில் அசெம்பிள் செய்த பலருடைய மேசைக்கடியில் இன்றும் ஓடுவது இதுவோ இதன் ஒன்றுவிட்ட தம்பியோதான். ஆறு வருட ஓட்டத்துக்குப் பிறகு இதைப் பற்றிச் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போர்டையும் ரேமையும் இப்போதைக்கு மாற்ற வேண்டாம். அதே ஏஎம்4 சாக்கெட்டில் (போர்டில் ஏஎம்டி ப்ராசசர் உட்காரும் இடம்) ப்ராசசரை மட்டும் மாற்றுவது நல்ல முடிவு. அதையும் சில நாள் அளந்து பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

அளக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சிலிக்கான் வருடத்துக்கு வருடம் மெதுவாவதில்லை. அதைச் சுற்றியிருப்பவைதான் கெடுகின்றன. தெர்மல் பேஸ்ட் காய்கிறது, கூலரின் இதழ்களுக்கு இடையே தூசி கம்பளி மாதிரி படிகிறது, எஸ்எஸ்டி 90 சதவீதம் நிரம்பி எழுதும் வேகம் விழுகிறது. முதல் ஐந்து நிமிடம் சரளமாக ஓடி, பிறகு தடுமாறினால் அது சூட்டுப் பிரச்சினை. ஆன் செய்த நொடியிலிருந்தே ஒரே சீராக மெதுவாக இருந்தால்தான் திறன் போதவில்லை என்று சந்தேகிக்கலாம். வெப்பத்தையும் வேகத்தையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வைத்துக்கொண்டு, ப்ராசசருக்கு முழுப் பளு கொடுக்கும் சினிபெஞ்சைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். 3600-ன் உச்ச வரம்பு 95 டிகிரி செல்சியஸ். அதை எட்டி நின்றுகொண்டே கிளாக் வேகம் இறங்குகிறதென்றால், புது ப்ராசசர் பார்ப்பதற்கு முன் பேஸ்ட்டை மாற்றித் தூசியைத் தட்டுங்கள். காற்று அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ள மறக்கக் கூடாது. அதிவேகமாகச் சுற்றவிட்டால் பேரிங் போகும்.

இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாமலே நடக்கிறது. போர்டிலிருக்கும் சிஆர்2032 பேட்டரி சில வருடத்தில் தீர்ந்துவிடும். ஸ்விட்சை முழுதாக அணைத்து வைக்கும் பழக்கமிருந்தால், பேட்டரி தீர்ந்ததும் பயோஸ் (விண்டோஸுக்கு முன் ஓடும் போர்டின் மென்பொருள்) அமைப்புகள் எல்லாம் பழைய நிலைக்குப் போய்விடும். அதோடு, ரேமை வாங்கிய வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பும் போய்விடும். 3200 என்று வாங்கிய ரேம் 2133-லோ 2400-லோ ஓடிக்கொண்டிருக்கும். முதல் மூன்று தலைமுறை ரைசனில் உள்ளே பாகங்களை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கும் ரேம் வேகத்தோடு கட்டுண்டே ஓடுவதால், அடி இரண்டு பக்கமும் விழும். வெளியே தெரியும் அறிகுறி, கடிகாரம் அடிக்கடி தப்பான நேரம் காட்டுவது மட்டுமே. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் வேகம் எவ்வளவு என்று ஒரு தடவை பாருங்கள். "கம்ப்யூட்டருக்கு வயசாகிவிட்டது" என்ற புகாரில் ஒரு பங்கு, ஒரு சின்ன நாணய பேட்டரியோடு முடிந்துவிடும்.

அதே பக்கத்தில் 'கமிட்டெட்' என்று இரண்டு எண்கள் இருக்கும். வழக்கமான வேலை நடக்கும்போது முதல் எண் 16 ஜிபியைத் தாண்டியே நின்று, விண்டோ மாற்றும்போதெல்லாம் டிரைவும் சேர்ந்து துடித்தால் ரேம் போதவில்லை. ப்ராசசரைப் பொறுத்தவரை மொத்த சதவீதத்தை நம்பாதீர்கள். 3600-க்கு 12 த்ரெட் (ஒரே நேரத்தில் நடத்தக்கூடிய வேலை இழைகள்). ஒரே ஒரு த்ரெட் முழு மூச்சாக உழைத்தால் மொத்தக் கணக்கில் அது 8 சதவீதம்தான். எனவே 30 சதவீதம் என்று காட்டினாலும் விளையாட்டின் முக்கிய த்ரெட் மூச்சு முட்டிக்கொண்டிருக்கலாம். கண்டுபிடிக்க எளிய வழி: ஒரே காட்சியை 1080பி-யில் ஒருமுறை, 720பி-யில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஃப்ரேம் எண்ணிக்கை நன்றாக ஏறினால் முட்டுக்கட்டை கிராபிக்ஸ் கார்டு. அசையாமல் இருந்தால் ப்ராசசர்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. அதற்காகவே புது கம்ப்யூட்டர் வாங்க வேண்டும் என்று கேள்விப்படுகிறவர்கள், வாங்குவதற்கு முன் பயோஸுக்குள் எட்டிப் பார்க்கட்டும். 3600 விண்டோஸ் 11-ன் பட்டியலில் இருக்கிறது. ப்ராசசருக்குள்ளிருக்கும் பாதுகாப்புப் பகுதியான எஃப்டிபிஎம் அணைந்திருப்பதால்தான் பெரும்பாலும் "தகுதியில்லை" என்று வரும். டிரைவைப் பிரிக்கும் பழைய எம்பிஆர் முறையில் விண்டோஸ் போட்டிருந்தால் முதலில் எம்பிஆர்2ஜிபிடி கட்டளையை 'வேலிடேட்' தேர்வோடு ஓட்டிச் சோதித்து, பிறகு 'கன்வெர்ட்' கொடுத்து, அதன் பிறகே பயோஸில் பழைய முறையில் பூட் ஆக உதவும் சிஎஸ்எம்-ஐ அணைக்க வேண்டும். வரிசையை மாற்றிச் செய்தால் விண்டோஸ் பூட் ஆகாது. பயந்துவிடாமல் சிஎஸ்எம்-ஐத் திரும்ப ஆன் செய்தால் வந்துவிடும். ரைசன் 5 1600 போன்ற முதல் தலைமுறை வைத்திருப்பவர்கள் நிலைமை வேறு. அவர்கள் ப்ராசசர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆனால் அவர்கள் போர்டும் ஏஎம்4 என்பதால் தீர்வு ஒன்றேதான்: ப்ராசசர் மாற்றம்.

ஏஎம்4 சாக்கெட்டின் பெரிய வரம் இதுதான். 2017-ல் முதல் ரைசன் உட்கார்ந்த சாக்கெட்டுக்கு 2024 ஜனவரியில்கூட 5700எக்ஸ்3டி என்ற புது ப்ராசசர் வந்தது. 3600-லிருந்து போக மூன்று இடம் உண்டு. 5600-ல் கோர்கள் அதே ஆறுதான். ஆனால் 3600-ல் 16 எம்பியாக இரண்டாகப் பிரிந்திருந்த எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளிருக்கும் வேக நினைவகம்), இதில் 32 எம்பியாக ஒன்றாகிவிட்டது. கோர்கள் தங்களுக்குள் பேசும் தாமதம் குறைவதால் அன்றாட வேலையிலும் வித்தியாசம் தெரியும். 5700எக்ஸ் எட்டு கோர், 65 வாட், சாதாரண போர்டிலும் சூடேறாமல் ஓடும். வீடியோ ரெண்டர், கம்பைல் வேலைக்கு என் தேர்வு இது. மூன்றாவது, 5700எக்ஸ்3டி போன்ற எக்ஸ்3டி வகை. அதில் எல்3 கேஷ் 96 எம்பி. விளையாட்டில், அதுவும் சிமுலேஷன், பெரிய உலக வகைகளில், தாவல் பெரிது. 1660 சூப்பரையே தொடர்ந்து வைத்திருக்கப்போகிறீர்கள் என்றால் அந்தத் தாவல் கண்ணுக்கே தெரியாது. கார்டுதான் கடைசி வரை இழுத்துப் பிடிக்கும். எக்ஸ்3டி இப்போது புதிதாகக் கிடைப்பதும் அரிது. பழையதாக வாங்கினால் பின்களை நான்கு பக்கமும் சாய்த்துப் பார்த்து, வரிசை நேராக இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள்.

மாற்றும் வேலையில் தப்பு நடக்கும் இடங்கள் மூன்று நான்கு. முதலாவது பயோஸ். பழைய ப்ராசசர் சாக்கெட்டில் இருக்கும்போதே, போர்டு தயாரிப்பாளரின் ப்ராசசர் பட்டியலில் சொல்லியிருக்கும் பதிப்புக்கு அப்டேட் செய்ய வேண்டும். புதியதை மாட்டிவிட்டு அப்டேட் செய்யலாம் என்றால் திரையே வராது. சில போர்டுகளில் பழைய பதிப்பிலிருந்து நேராகக் கடைசிப் பதிப்புக்குத் தாவ முடியாது. நடுவில் ஒரு பதிப்பு போடச் சொல்லியிருப்பார்கள், அந்தக் குறிப்பைப் படிக்காமல் விடாதீர்கள். அப்டேட் எல்லா அமைப்பையும் அழிக்கும் என்பதால் முன்பே ஃபேன் வேகம், எக்ஸ்எம்பி பக்கங்களை போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, டிரைவைச் சாவி போட்டுப் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர். விண்டோஸ் 11-ல் நாம் கேட்காமலே டிரைவ் பூட்டப்பட்டிருக்கலாம். ப்ராசசரை மாற்றி ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் எஃப்டிபிஎம் தரவு மாறிவிட்டது என்றும், ஒய் அழுத்தினால் அழித்துவிடும், என் அழுத்தினால் பழைய பதிவை வைத்துக்கொள்ளும் என்றும் ஒரு செய்தி வரும். மீட்புச் சாவி கையில் இல்லாமல் ஒய் அழுத்தினால் அந்த டிரைவிலிருக்கும் படங்களும் கோப்புகளும் திரும்ப வராது. 48 இலக்கச் சாவியைக் காகிதத்தில் எழுதி வைத்து, பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்த பிறகே கேபினெட்டைத் திறங்கள்.

மூன்றாவது, கூலரைக் கழற்றும் கணம். ஏஎம்4-ல் பின்கள் ப்ராசசரின் அடியில் இருக்கின்றன. சாக்கெட்டின் நெம்புகோல் அதை அவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பதில்லை. பேஸ்ட் காய்ந்து பசையாகிவிட்டால், கூலரை மேலே இழுக்கும்போது ப்ராசசரும் ஒட்டிக்கொண்டு 'டக்' என்று பிடுங்கி வரும். அங்கேதான் பின் வளைகிறது. பத்து நிமிடம் பளுவான வேலை கொடுத்து சூடாக்கி, ஷட்டவுன் செய்து, பவர் சப்ளை ஸ்விட்சை அணைத்து, கேபினெட் பட்டனை ஐந்து நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். திருகுகள் கழன்றதும் கூலரை இழுக்காமல் இடமும் வலமுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். பிடி தளர்ந்து, சறுக்குகிற மாதிரி கையில் தெரியும். அப்போது தூக்கலாம். 3600-உடன் வந்த பெட்டிக் கூலர் நான்கு திருகுகளில் நிற்பது. அவற்றைக் கழற்றினால் போர்டின் பின்தட்டு பின்பக்கமாகக் கழன்று விழும், ஒரு கையால் தாங்கிக்கொள்ள வேண்டும்.

புது ப்ராசசரின் மூலையிலிருக்கும் பொன்னிற முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து வைத்தால் தானாகவே இறங்கி உட்கார வேண்டும். அழுத்தம் தேவைப்பட்டால் ஏதோ தப்பு, எடுத்துப் பாருங்கள். நடுவில் பட்டாணி அளவு பேஸ்ட் போதும். திருகுகளை எதிரெதிர் மூலையாக இரண்டிரண்டு சுற்று முறுக்குங்கள். எக்ஸ்3டி வகையோடு கூலர் வராது, பழைய சின்னக் கூலரும் போதாது. 120 மில்லிமீட்டர் ஃபேன் வைத்த ஒற்றைக் கோபுரக் கூலர் வேண்டும். எக்ஸ்3டி-யின் வெப்ப வரம்பு 90 டிகிரி.

மாட்டி முடித்ததும் மறுபடி பத்து நிமிடம் சினிபெஞ்ச். மலிவு பி450, ஏ320 போர்டுகளில், ப்ராசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் விஆர்எம் மீது ஹீட்சிங்க் கூட இருக்காது. 105 வாட் ப்ராசசரை அதில் வைத்தால் சில நிமிடங்களில் கிளாக் ஒரு கிகாஹெர்ட்ஸுக்கும் கீழே விழுந்து, மறுபடி ஏறி, மறுபடி விழும். ப்ராசசர் வெப்பம் 70-லேயே இருந்தும் இப்படி நடந்தால் குற்றவாளி விஆர்எம். அத்தகைய போர்டுக்கு 5600 அல்லது 5700எக்ஸ் மட்டும்தான் பொருத்தம்.

கிராபிக்ஸ் கார்டு மாற்றுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பி450-ல் கார்டு சொருகும் ஸ்லாட் பிசிஐஇ 3.0. ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற கார்டுகள் 8 லேன் (தரவு ஓடும் பாதை) மட்டுமே பயன்படுத்துவதால் இந்த போர்டில் தரவு பாயும் வேகம் பாதியாகிவிடும். 8 ஜிபி நினைவகம் நிரம்பாத வரை வித்தியாசம் சொற்பம், நிரம்பினால் திக்கல் வரும். முழு 16 லேன் கார்டோ, நினைவகம் கூடுதலான கார்டோ பார்ப்பது நல்லது. பவர் சப்ளையை மாற்றினால் பழைய மாடுலர் கேபிள்களைக் கேபினெட்டில் விட்டுவிட்டுப் புது யூனிட்டில் சொருகாதீர்கள். பவர் சப்ளை பக்கத்து பின் அமைப்பு எல்லோருக்கும் பொது இல்லை. சொருகப் பொருந்தும், ஆன் செய்ததும் டிரைவ்கள் கருகும்.

சரி, முழுசாக மாற்றுவதை ஏன் தள்ளிப்போடச் சொல்கிறேன்? ஏஎம்டியின் புதிய சாக்கெட்டான ஏஎம்5-ம், இன்டெலின் எல்ஜிஏ1851-ம் டிடிஆர்5 மட்டுமே ஏற்கும். கையிலிருக்கும் டிடிஆர்4 அந்தப் போர்டில் சொருகவே முடியாது, வெட்டு வேறு இடத்தில். ஆக போர்டு, ப்ராசசர், ரேம் மூன்றையும் ஒரே நேரத்தில் வாங்கியாக வேண்டும். 2025 பிற்பாதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியது. டேட்டா சென்டர்களுக்கான நினைவகத்துக்குத் தொழிற்சாலைகள் திரும்பியதுதான் காரணம். மைக்ரான் தன் க்ரூஷியல் நுகர்வோர் வியாபாரத்தையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. டிடிஆர்4-ம் தப்பவில்லை, ஆகவே உங்களிடம் இருக்கும் இரண்டு குச்சிகளை விற்காதீர்கள். "அடுத்த தலைமுறை வரட்டும்" என்று காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, அடுத்தது எப்போதும் வந்துகொண்டேதான் இருக்கும். ரேம் விலை இறங்கும் வரை என்று காத்திருப்பதற்கு அர்த்தம் உண்டு. இடைப்பட்ட காலத்தை ஓட்டத்தான் ப்ராசசர் மாற்றம்.

வேலையே கம்ப்யூட்டரில் என்று இருப்பவர்கள், 64 ஜிபி இல்லாமல் நடக்காது என்பவர்கள் இப்போதே ஏஎம்5-க்குப் போகலாம். ரேமை இரண்டு குச்சியாகவே வாங்குங்கள். நான்கு இரட்டை அடுக்கு (டூயல் ரேங்க்) குச்சிகள் போட்டால் அதிகாரப்பூர்வ வேகம் 3600 வரை இறங்கிவிடும். முதல் முறை ஆன் செய்யும்போது, போர்டு ரேமுக்கு ஏற்றபடி தன்னைச் சரிசெய்துகொள்ளும் 'ரேம் பயிற்சி' நடப்பதால் பல நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். இறந்துவிட்டது என்று பட்டனை அழுத்தி அணைத்தால் பயிற்சி மறுபடி முதலிலிருந்து. பழைய இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை ப்ராசசர் வாங்குகிறவர்கள், அதிக மின்னழுத்தம் சிப்பைச் சிதைப்பதைத் தடுக்க 2024 ஆகஸ்டில் வந்த 0எக்ஸ்129 மைக்ரோகோடுக்குப் பிந்திய பயோஸ் உடனே போட வேண்டும். ஏற்கெனவே சிதைந்த சிப்பை எந்த அப்டேட்டும் சரிசெய்யாது என்பதால், அதிக மின்னழுத்தத்தில் வருடக்கணக்கில் ஓடிய ஐ9-ஐ நான் தொடமாட்டேன்.

எதற்கும் காத்திருக்கக் கூடாத பொருள் டிரைவ். டிரைவின் ஆரோக்கியம் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில், ஹார்டு டிஸ்க்கின் 05, சி5 என்ற (கெட்ட பகுதிகளை எண்ணும்) வரிகளில் கச்சா மதிப்பு பூஜ்யத்தைவிட்டு நகர்ந்திருந்தால், ப்ராசசர் யோசனையை ஒத்தி வைத்துவிட்டு இன்றே நகல் எடுங்கள். புது எம்.2 டிரைவை இரண்டாவது ஸ்லாட்டில் மாட்டுவதற்கு முன் போர்டு கையேட்டைப் பாருங்கள். பல போர்டுகளில் அந்த ஸ்லாட் நிரம்பியதும் இரண்டு சாட்டா போர்ட்டுகள் அணைந்துவிடும். பழைய டிஸ்க் அந்த போர்ட்டில் இருந்தால் அது செத்துவிட்டதாகத் தோன்றும். கேபிளை வேறு போர்ட்டில் சொருகினால் போதும், நகல் வேலையைத் தொடரலாம்.