ஹெட்லைட் உட்புறத்துக்குக் கருப்பு பெயிண்ட்: மேட்டா (பளபளப்பில்லாதது), கிளாஸா (gloss, பளபளப்பானது)?

எதை அடித்தாலும் பெசல் எனும் அலங்காரச் சட்டத்துக்கு மட்டும்தான். பல்பின் ஒளியை முன்னே திருப்பும் ரிஃப்ளெக்டர் கிண்ணத்தில் பெயிண்ட் பட்டால் வெளிச்சம் குறையும், பீமும் கெடும்.

மேட் சிறு கீறலை மறைக்கும், சிதறும் ஒளியை விழுங்கும். மேலே அடிக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட் தேவையில்லை. கிளாஸ் கம்பெனி ஃபினிஷ் போலப் பளபளக்கும், ஆனால் ஒரு தூசி உட்கார்ந்தாலும் லென்ஸ் வழியே பல்லை இளிக்கும்.

தயாரிப்பு இரண்டுக்கும் ஒன்றே: சட்டத்தின் பளபள குரோம் பூச்சை 600 கிரிட் உப்புத்தாளால் ஈரம் வைத்துத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, பிளாஸ்டிக் பிரைமர், பிறகு மெல்லிசாக 2–3 கோட். தேய்க்காத குரோமில் பெயிண்ட் தோல் தோலாக உரியும். முழுசாகக் காயாமல் மூடிவிட்டால் பல்பின் சூட்டில் கரைப்பான் ஆவியாகி லென்ஸின் உட்பக்கம் மங்கலாகப் படியும். கிளியர் கோட்டும் சேர்ந்து தடித்த கிளாஸில் இந்தத் தொல்லை அதிகம்.

ஹாலஜன் பல்பை ஒட்டிய சட்டமென்றால் யோசிக்கவே வேண்டாம், உயர்வெப்ப மேட்தான்.