பொரித்த எண்ணெய் பயோடீசல்: ஜென்செட்டுக்கு இருபது சதவீதம் வரை தைரியமாக ஊற்றலாம்

திருப்பூர் பனியன் கம்பெனி ஜென்செட்டுக்கும் (டீசல் ஜெனரேட்டர்) திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டி கம்ப்ரசருக்கும் ஏற்றது என்று சொல்லி விற்கப்படும் பயோடீசல் பெரும்பாலும் பேக்கரிகளிலும் ஓட்டல்களிலும் பொரித்துக் கழித்த எண்ணெயில் செய்தது. எண்ணெயை மெத்தனாலோடு வினைப்படுத்தி, கிளிசரினைப் பிரித்துக் கழுவி எடுக்கிறார்கள். டீசலில் இருபது சதவீதம் கலந்தால் நல்ல சரக்கு. நூறு சதவீதமும் இதையே ஊற்றச் சொன்னால் ஏற்காதீர்கள்.

புகை குறையும் என்பது உண்மை. இதன் எடையில் சுமார் 11 சதவீதம் ஆக்சிஜன் இருப்பதால், காற்று போதாத இடத்திலும் கரி குறைவாகவே உண்டாகிறது. கனரக இன்ஜின் சோதனைகளை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2002இல் தொகுத்தது. அதன்படி 20 சதவீதக் கலவையில் புகைத்துகள் 10, கார்பன் மோனாக்சைடு 11, எரியாத ஹைட்ரோகார்பன் 21 சதவீதம் குறைகின்றன. நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயு மட்டும் 2 சதவீதம் கூடுகிறது. முழு பயோடீசலில் இது 10 சதவீதம். சோதித்தவை புகைவடிகட்டி வராத காலத்து இன்ஜின்கள். நம் பட்டறைகளில் ஓடும் பழைய ஜென்செட்டுகளும் அந்த வகைதான்.

நைட்ரஜன் ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாது. அதனால் விற்பவர் பேச்சில் அது வருவதே இல்லை. பயோடீசல் அழுத்தத்துக்கு எளிதில் சுருங்காது. பழைய பம்ப்-நாசில் அமைப்பில் அழுத்தம் நாசிலுக்குச் சற்று முன்னதாகவே போய்ச்சேர, எண்ணெயும் முன்னதாகப் பீய்ச்சுகிறது, சிலிண்டரில் சூடு ஏறுகிறது, அந்தச் சூட்டில் நைட்ரஜன் ஆக்சைடு கூடுகிறது. டைமிங்கை, அதாவது எண்ணெய் பீய்ச்சும் நேரத்தை, ஓரிரு டிகிரி பின்தள்ளினால் நைட்ரஜன் ஆக்சைடு இறங்கும், ஆனால் எண்ணெய்ச் செலவும் கரியும் கூடும். இருபது சதவீதத்துக்கு டைமிங்கைத் தொடவே வேண்டாம். பாமாயிலில் செய்த பயோடீசல் சோயாவில் செய்ததைவிட நைட்ரஜன் ஆக்சைடைக் குறைவாகவே கூட்டும். நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் பாமாயில்தான் என்பது நல்ல விஷயம். கந்தகமே இல்லை என்ற விளம்பரத்துக்கு இப்போது மதிப்பில்லை. 2020 ஏப்ரல் முதல் பங்க் டீசலிலேயே கந்தகம் 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் பத்து பங்கு) மேல் கிடையாது.

பழைய டேங்கில் முதல்முறை ஊற்றும்போது டீசல் பில்டர் அடைக்கும். பல வருடம் படிந்த கசடை இது கரைத்துக் கொண்டுவருவதுதான் காரணம், சரக்கின் குறை இல்லை. டேங்கைக் கழுவிவிட்டு, கையில் இரண்டு பில்டர் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். முழு பயோடீசலில் சாதா ரப்பர் ஓஸும் ஆயில் சீலும் ஊதும், எண்ணெய் தாங்கும் விட்டான் ரப்பர் ரகம் போட வேண்டும். லிட்டருக்கு வெப்பமும் எட்டு ஒன்பது சதவீதம் குறைவு என்பதால், விலை பேசும்போது அதைக் கழித்துப் பேசுங்கள்.

ஒவ்வொரு லோடுக்கும் பயோடீசலுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 15607 சோதனை அறிக்கை கேளுங்கள். புளிப்பைக் காட்டும் அமில எண் 0.5க்குள்ளும், ஆவி தீப்பற்றத் தொடங்கும் சூடான பிளாஷ் பாயின்ட் 101 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். மெத்தனால் மிச்சமிருந்தால் பிளாஷ் பாயின்ட் இறங்கிவிடும், தீ அபாயம். கலக்காத பயோடீசலையும் தண்ணீரையும் பாதிப்பாதி பாட்டிலில் ஊற்றிக் குலுக்கி அரை மணி நேரம் விடுங்கள். நடுவில் வெள்ளையாகக் கெட்டிப் படலம் நின்றால் சோப்பு போகவில்லை, திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பொரித்த எண்ணெயை வெறுமனே வடிகட்டி ஊற்றுவது இன்ஜினைக் கொல்லும் வேலை. டீசலைவிடப் பத்து மடங்கு கெட்டியானதால் நாசில் சரியாகத் தூவாது. கரி கட்டி பிஸ்டன் ரிங் இறுகும், கார்பன் மோனாக்சைடும் ஏறும்.

நாமக்கல்லில் பிஎஸ்-6 (2020 முதல் வந்த புகை விதி) லாரி வைத்திருப்பவர்கள் கம்பெனிப் புத்தகம் அனுமதித்த அளவைத் தாண்டவே கூடாது. சரக்கில் தங்கிய சோடியம், பொட்டாசியம் சாம்பலாகிப் புகைவடிகட்டியில் தேங்கும். வடிகட்டியைச் சுத்தம் செய்யச் சிலிண்டரில் கூடுதலாகப் பீய்ச்சும் பயோடீசல் கலவை இன்ஜின் ஆயிலிலும் இறங்கும்.

கரண்ட் போனால் மட்டும் ஓடும் ஜென்செட்டுக்கு மூன்று மாதத் தேவைக்கு மேல் வாங்காதீர்கள். நாள்பட்டால் புளித்துப் பிசின் கட்டும். செம்பு, பித்தளை, துத்தநாகப் பூச்சு பட்டால் இன்னும் சீக்கிரம் கெடும். ஊட்டி, வால்பாறைக் குளிரில் பாமாயில் சரக்கு உறையத் தொடங்கும், அங்கே இது வேண்டாம்.