அறிவியல் முனைவர் பட்டம்: இங்கும் அங்கும்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்று, பின்னர் ஜெர்மனியில் இரண்டு ஆண்டுகள் ஆய்வுக்கூடப் பணியில் இருந்தவன் என்ற முறையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். நம்முடைய ஏற்பாடு விதிகளின் அளவில் எந்த நாட்டுக்கும் இளைத்ததல்ல. ஆனால் அந்த விதிகள் அலுவலக மேசைகளைக் கடந்து மாணவரிடம் வந்துசேர்வதற்குள் பாதி ஆயுள் கழிந்துவிடுகிறது.

முதலில் பணம். அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றமும் (சிஎஸ்ஐஆர்) பல்கலைக்கழக மானியக் குழுவும் (யுஜிசி) சேர்ந்து நடத்தும் நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வு வழியாக ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுபவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயும், எஸ்ஆர்எஃப் எனும் முதுநிலைக்கு உயர்ந்தபின் 42,000 ரூபாயும், வீட்டு வாடகைப்படி தனியாகவும் உண்டு. தொகையில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் காலத்தில் ஒருமுறை ஏழு மாதம் உதவித்தொகை வரவில்லை. கையொப்பமான படிவம் எந்த மேசையில் கிடந்தது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது, விடுதி மெஸ் பாக்கி மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. ஜெர்மனியில் இயற்கை அறிவியல் ஆய்வு மாணவர்களில் பெரும்பாலோர் பணி ஒப்பந்தம் உள்ள ஊழியர்கள். பாதிப் பணியிடத்துக்கோ மூன்றில் இரண்டு பங்குக்கோதான் சம்பளம், வேலை என்னவோ முழு நேரம். ஆயினும் மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம், ஆண்டு விடுப்பு ஆகியவை யாரையும் கெஞ்சாமல் கிடைக்கின்றன.

ஆய்வை வழிநடத்தும் பேராசிரியரை, அதாவது நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும் முறையில் அமெரிக்காவையே முதலிடத்தில் வைப்பேன். அங்கு உயிரியல் போன்ற துறைகளில் முதலாண்டு மாணவர் இரண்டு மூன்று ஆய்வுக்கூடங்களில் சில வாரங்கள் வீதம் வேலை பார்த்த பிறகே ஒன்றில் சேர்கிறார். ஐந்து, ஆறு ஆண்டுகள் பிடிக்கும், தகுதித் தேர்வில் தவறினால் முதுகலைப் பட்டத்தோடு வெளியேற நேரலாம். எனினும் யாரிடம் சேர்கிறோம் என்பது தெரிந்தே சேரலாம். நம்மிடம் காலியிடம் இருக்கும் நெறியாளரே பெரும்பாலும் நமக்கு வாய்த்த நெறியாளர். ஆகவே சேருமுன், அவரிடம் கடைசியாகப் பட்டம் பெற்ற மூவர் எத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள் என்பதை அந்த ஆய்வுக்கூடத்துத் தேநீர் வேளையில் விசாரித்துவிடுவது நல்லது.

மதிப்பீட்டில் நம் விதி கண்டிப்பானது. 2022ஆம் ஆண்டின் யுஜிசி ஒழுங்குமுறைப்படி, பல்கலைக்கழகத்துக்கு வெளியே உள்ள இரண்டு தேர்வாளர்களாவது ஆய்வேட்டைப் படிக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். ஜெர்மனியிலோ வழிநடத்திய பேராசிரியரே பெரும்பாலும் முதல் மதிப்பீட்டாளராகவும் இருந்து தரமும் வழங்குகிறார். இது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. ஆனால் என் ஆய்வேட்டுக்கு ஒரு தேர்வாளரின் அறிக்கை வந்துசேரப் பதினோரு மாதம் ஆனது.

பொது வாய்மொழித் தேர்வு நாளில் தேர்வாளருக்குப் பொன்னாடை, அவையோருக்குச் சமோசாவும் தேநீரும், துறையினருக்கு மதியச் சாப்பாடு என எல்லாம் என் செலவு; முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பா, கேள்விகள் கடினமாக இருந்தனவா என்று கேட்டார். அவற்றில் இரண்டு ஆய்வைப் பற்றியவை, மற்றவை ஆய்வேட்டின் எழுத்துப்பிழைகளைப் பற்றியவை. ஜெர்மனியில் நான் கண்ட ஒரு மாணவியின் தேர்வு ஒன்றரை மணி நேரம் நீடித்தது. அது முடிந்ததும், அங்குள்ள வழக்கப்படி, உடைந்த குடுவைத் துண்டையும் பழுதான காந்தக் கலக்கியின் குமிழையும் ஒட்டி நாங்கள் அட்டையில் செய்திருந்த தொப்பியை அந்த மாணவியின் தலையில் வைத்தோம்.