விருந்தா, களப்பணியா?

அமெரிக்காவில் 1937-ல் வாத்து வேட்டைக்காரர்கள் தொடங்கிய டக்ஸ் அன்லிமிடெட் என்ற ஈரநிலப் பாதுகாப்பு அமைப்பின் கிளைகள் ஆள் சேர்க்கும் பழைய வழி விருந்துதான். சாப்பாடு, ஏலம், குலுக்கல் எல்லாம் உண்டு. ஈரநிலங்களைக் காக்கப் பணமும் ஒரே இரவில் திரளும். ஆனால் புதியவர் யாரிடமும் பேசாமலே வீடு திரும்பிவிடலாம். அடுத்த வருடம் அவர் ஏன் சந்தா கட்டவேண்டும்?

மரப்பொந்தில் முட்டையிடும் மர வாத்துக்குக் கூட்டுப்பெட்டி செய்யும் நாளில் அப்படி ஆகாது. ஒருவர் பலகையைப் பிடிக்க, இன்னொருவர் ஆணி அடிப்பார். பெட்டிக்குள் நான்கு அங்குலத்துக்கு மரச்சுருள் போடுவது ஏன் என்று கூட வந்த பிள்ளை கேட்கும். அந்த வாத்து கூடு கட்ட எதையும் சுமந்து வராது, அதனால்தான். துப்பாக்கியே தொடாதவரும் இதற்குத் தயங்காமல் வரலாம். காசு தேறாது, உண்மைதான். ஆனாலும் முதல் அழைப்பு இதற்கே போகட்டும். விருந்துச் சீட்டை அங்கேயே விற்கலாம்.