ஆஸ்திரேலியா போகிறவர்களுக்குத் தருமபுரியில் ஒரு பேச்சுவழக்கு கிளாஸ்: சேரலாமா?

நாலு ரோடு பக்கம் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வுக்குச் சொல்லித்தரும் ஒரு இடத்தில் (பெயர் வேண்டாமே) ஆஸ்திரேலியா கிளம்புகிறவர்களுக்கென்று அந்த ஊர் ஆங்கிலப் பேச்சுவழக்கைச் சொல்லித்தர சனி, ஞாயிறில் தனி கிளாஸ் நடத்துகிறார்கள். ஃபீஸ் 1,500 ரூபாய், ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஜெராக்ஸ் புத்தகமும் அதிலேயே அடக்கம். கிளாஸுக்குத் தாராளமாகப் போகலாம், புத்தகத்தை மட்டும் நம்பாதீர்கள்.

மேடம் கெட்டிக்காரர். பட்டியலை மனப்பாடம் பண்ணச் சொல்லவில்லை. அந்த ஊர்க்காரர்கள் எந்த வார்த்தையையும் பாதியில் வெட்டி, வாலில் ஒரு 'ஓ'வோ 'ஈ'யோ ஒட்டிவிடுவார்கள், அந்தச் சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டால் போதும் என்றார். ஆஃப்டர்நூன் 'ஆர்வோ' ஆகிவிடும், வண்டி ரிஜிஸ்ட்ரேஷன் 'ரெஜோ', பிரேக்ஃபாஸ்ட் 'பிரெக்கி', சர்வீஸ் ஸ்டேஷன், அதாவது நம்ம பெட்ரோல் பங்க், 'சர்வோ'. மெக்டொனால்ட்ஸையே 'மேக்காஸ்' என்றுதான் சொல்வார்களாம், 2013இல் கம்பெனியே சில கடைகளில் அந்தப் பெயரில் போர்டு மாட்டியது.

நமக்குத் தெரிந்த வார்த்தை என்று நினைத்து ஏமாறும் இடங்களையும் நன்றாகச் சொன்னார். 'தாங்ஸ்' அங்கே காலில் போடும் ரப்பர் செருப்பு. சில வீடுகளில் 'டீ' என்றால் ராத்திரிச் சாப்பாடு. விருந்துக்குக் கூப்பிட்டு 'பிரிங் எ பிளேட்' என்றால் வெறும் தட்டோடு போய் நிற்காதீர்கள், எல்லாருக்கும் பகிர்கிற மாதிரி ஏதாவது சமைத்துக் கொண்டுபோக வேண்டும். 'மை ஷவுட்' என்று ஒருவர் சொன்னால் இன்றைக்கு பில் அவருடையது, அடுத்த முறை உங்களுடையது, அதை மறந்தீர்களோ கஞ்சன் பட்டம்தான்.

புத்தகம்தான் பழைய சரக்கு. 'ஸ்ட்ரூத்' (அடேயப்பா!), 'காபர்' (நண்பன்) எல்லாம் பார்த்துவிட்டு மெல்போர்னில் நர்ஸாக இருக்கும் அக்கா, "டேய், இதெல்லாம் எங்க வார்டுல தாத்தாங்க பேசறதுடா" என்று சிரித்தாள். பெண்ணை 'ஷீலா' என்றால் இப்போது மரியாதைக் குறைவு, அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அட்டையிலேயே பெரிதாக 'ஷ்ரிம்ப் ஆன் த பார்பி', அதாவது பார்பிக்யூ அடுப்பில் இறால்! அது 1984இல் அமெரிக்க டூரிஸ்ட்களைக் கூப்பிட பால் ஹோகன் என்ற ஆஸ்திரேலிய நடிகரை வைத்து எடுத்த விளம்பரத்தால் பரவியது, ஆஸ்திரேலியர்கள் இறாலைப் 'பிரான்' என்றுதான் சொல்வார்கள்.

இன்னொரு குறை, ஆடியோவைப் போனிலேயே போட்டுக் காட்டுகிறார்கள், கடைசி பெஞ்சுக்கு பஸ் ஹாரன்தான் கேட்கும். முன்னாடியே போய் இடம் பிடியுங்கள், அப்புறம் அந்த ஆடியோவை வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அவர்களாக அனுப்ப மாட்டார்கள்.