கவரில் கட்டித் தரும் ‘மரைன் சால்ட்’டை நம்பி என் பஃபர் மீன்களைக் கொன்றேன்

பச்சைப் பஃபர் என்ற தொட்டி மீனை வளர்க்கிறவர்களும் வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களும் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். மூன்று வாங்கினேன், ஒன்றுதான் மிச்சம்.

கொளத்தூர் பக்கம் ஒரு கடை. பெயர் வேண்டாம். தொட்டிக் கண்ணாடியில் ‘ஃப்ரெஷ் வாட்டர் பஃபர்’ என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டியிருந்தார்கள். உள்ளே குட்டிக் குட்டியாய், பச்சை முதுகில் கரும்புள்ளி, ஆளைக் கண்டதும் கண்ணாடிக்கு ஓடி வந்து முழிக்கிற முழியில் யாராக இருந்தாலும் விழுந்துவிடுவார்கள். நம் மீனவர்கள் பேத்தை என்று வலையிலிருந்து கழித்துப் போடும் மீனுக்கு இது சொந்தக்காரன். நல்ல தண்ணீரிலேயே வாழும் பஃபர் உண்மையில் இருக்கிறது, கேரளத்து ஆறுகளில், ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே வளரும் குட்டி இனம். இது அது இல்லை. இது ஆறும் கடலும் கலக்கும் கழிமுகத்து மீன், ஆறு அங்குலம் வரை வளரும். குஞ்சாக இருக்கும்வரை நல்ல தண்ணீரில் தாக்குப்பிடிக்கும், அதனால்தான் கடைக்காரரின் பொய் அங்கேயே வெளுப்பதில்லை.

மூன்றாம் மாதம் வெள்ளை வயிறு சாம்பலாகி, அப்புறம் கறுத்தது. தீனி எடுக்கவில்லை. கடைக்கு ஓடினேன். “தம்பி, இதுக்கு லைட்டா உப்பு வேணும், அன்னைக்கே சொன்னேனே” என்றார். சொல்லவே இல்லை. போர் தண்ணீர்தான் விடுகிறேன், டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 1500 வருகிறது என்றேன், “அப்ப பாதி உப்பு அதுலயே இருக்கு” என்றார். நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டால் 1500 என்பது லிட்டருக்கு ஒன்றரை கிராம். உவர்நீரில் குறைந்த அளவான 1.005 ஸ்பெசிஃபிக் கிராவிட்டிக்கே (உப்பு ஏற ஏறக் கூடும் தண்ணீரின் அடர்த்தி அளவு, நல்ல தண்ணீருக்கு 1.000) ஏழெட்டு கிராம் வேண்டும்.

அவர் கொடுத்தது பெயரில்லாத பிளாஸ்டிக் கவரில் இரண்டு கிலோ ‘மரைன் சால்ட்’, கிலோ 180 ரூபாய். நூறு லிட்டர் தொட்டிக்கு ஒரு கிலோவை அப்படியே கொட்டச் சொன்னார். கொட்டினேன். இதில் என் முட்டாள்தனமும் பாதி, ஒத்துக்கொள்கிறேன். அடுத்த மூன்று நாளில் தண்ணீர் பால் மாதிரி கலங்கியது, நாலாம் நாள் ஒரு மீன், ஆறாம் நாள் இன்னொன்று. டெஸ்ட் கிட்டில், மீன் கழிவிலிருந்து வரும் விஷமான அமோனியா கரும்பச்சை காட்டியது, அதாவது மிக அதிகம். ஃபில்டரில் மாதக்கணக்கில் வளர்ந்து அந்த அமோனியாவைத் தின்றுகொண்டிருந்த பாக்டீரியா அந்த ஒரு கிலோ அடியைத் தாங்கவில்லை, பஃபருக்கோ மற்ற மீன் மாதிரி செதில் கவசமும் கிடையாது.

மீன் போன பிறகுதான் உப்பின் மேலேயே சந்தேகம் வந்தது. கேன் தண்ணீர் ஒரு லிட்டரில் ஒன்பது கிராம் போட்டுக் கரைத்தேன், பிஎச் அசையவே இல்லை. ஜிஎச் டெஸ்டில் (கால்சியம், மக்னீசியம் எவ்வளவு என்று பார்ப்பது, அதிகம் இருந்தால் அதிகத் துளி பிடிக்கும்) நாலாவது துளியிலேயே நிறம் மாறிவிட்டது. நண்பரிடம் சீல் உடைக்காத டப்பா மரைன் சால்ட் வாங்கி அதே அளவு கரைத்தால் பிஎச் எட்டைத் தொட்டது, ஜிஎச்சுக்கு இருபது துளி விட்டும் நிறம் மாறவில்லை, கிட் தீர்ந்துவிடும் என்று நிறுத்திவிட்டேன். மரைன் சால்ட்டில் கால்சியம், மக்னீசியம், பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கும் உப்புகள் எல்லாம் சேர்ந்திருக்கும். நான் 180 ரூபாய்க்கு வாங்கியது பொடித்த கல் உப்பு. மளிகைக் கடையில் அதன் விலை உங்களுக்கே தெரியும்.

திரும்பப் போய்க் கேட்டேன். “மீனுன்னா சாகத்தான் தம்பி செய்யும்.” பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் ‘சால்ட் 2’ என்று எழுதி நீட்டினார், கடை பெயர்கூட இல்லை. இதை வைத்துக்கொண்டு எங்கே புகார் சொல்வது? பில் போடாத இடத்தில் ஒரு செடிகூட வாங்காதீர்கள்.

மிச்சமிருந்த ஒன்றை எப்படிக் காப்பாற்றினேன் என்று கேட்பீர்கள். முதலில் தினமும் கால்பங்கு தண்ணீர் மாற்றி அமோனியாவை இறக்கினேன். அந்தத் தண்ணீரில் உப்பு போடவில்லை, கல் உப்பும் தானாக வெளியேறியது. ஃபில்டர் மறுபடி நிலைக்கு வந்த பிறகே நிஜ உப்பு, அதுவும் வாளியில் ஒருநாள் முன்பே கரைத்து, தண்ணீர் மாற்றும்போது மட்டும், வாரத்துக்கு ஸ்பெசிஃபிக் கிராவிட்டியை 0.002-க்கு மேல் ஏற்றாமல். அவசரப்படக் கூடாததற்கு இன்னொரு காரணம், பிஎச் ஏற ஏற அதே அளவு அமோனியாவே அதிக விஷமாகும். தொட்டிச் செடிகளில் கபோம்பா எல்லாம் அழுகிப் போனது, ஜாவா ஃபெர்ன் மட்டும் நிற்கிறது. இப்போது 1.008. வயிறு பழையபடி வெள்ளை, நத்தை போட்டால் ஓட்டோடு நொறுக்குகிறான். பெரிசானதும் இன்னும் ஏற்ற வேண்டும்.

ஒன்று விட்டுப்போச்சு. உப்பளவைப் பார்க்கும் ரெஃப்ராக்டோமீட்டர் கையில் வந்ததும், அதே கடையில் அதே வேலைக்கு வாங்கியிருந்த மிதவை ஹைட்ரோமீட்டரைக் கேன் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்த்தேன். 1.000 காட்ட வேண்டும். 1.004 காட்டியது.