கண்மாய்க் கரைக்கு ஏற்ற பைனாகுலர்: 8x42 குறித்து ஒரு மதிப்புரை

பறவை பார்க்கத் தொடங்குவோர் பெரும்பாலும் உருப்பெருக்கம் கூடுதலாக உள்ள கருவியைத்தான் கடையில் கேட்கிறார்கள். மதுரை வட்டாரக் கண்மாய்களுக்கும் மலைகளுக்கும் நான் பரிந்துரைப்பது 8x42 வகையே. பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் வாங்கிய ஒன்றை ஓராண்டுக்கும் மேலாகப் பயன்படுத்தி வருகிறேன்.

இதில் 8 என்பது உருப்பெருக்கம். 42 என்பது முன்வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் கிடைக்கும் 5.25 மில்லிமீட்டரே கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம். 10x42 கருவியில் இது 4.2 ஆகக் குறைந்துவிடுவதோடு கைநடுக்கமும் கூடுதலாகத் தெரியும். விடிந்தும் விடியாத நேரத்தில் கரையில் நிற்பவருக்கு இது சிறிய வேறுபாடு அன்று.

மேலூர்ப் பக்கத்துக் கண்மாய் ஒன்றில் நீளவால் இலைக்கோழியைப் பார்த்தபோதுதான் கருவியின் அருமை புரிந்தது. இந்த இனத்தில் பெண் பறவை ஒரே பருவத்தில் பல ஆண்களுக்கு முட்டையிட்டுக் கொடுத்துவிட்டு விலகிவிடும். அடைகாப்பதும் குஞ்சுகளை நடத்திச் செல்வதும் ஆணின் பொறுப்பு. தேவைப்பட்டால் முட்டையை அலகுக்கும் மார்புக்கும் இடையே இடுக்கி வேறிடத்துக்கு நகர்த்தவும் அதற்குத் தெரியும். அல்லித் தண்டுகளை அது ஒவ்வொன்றாக இழுத்து முட்டைகளைச் சுற்றி ஒதுக்கியதையும், பளபளத்த பழுப்பு முட்டைகளையும் கரையை விட்டு இறங்காமலே தெளிவாகக் காண முடிந்தது. நெருங்கிப் போயிருந்தால் பறவை எழுந்துவிடும், முட்டைகள் வெயிலில் கிடக்கும்.

2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியில், அதாவது ஊர் மக்கள் போராடி 2025 சனவரியில் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை ரத்து செய்ய வைத்த அதே மலைகளில், ஷாகீன் வல்லூற்றைத் தேடுவோருக்கும் இதுவே வசதி. பார்வைப் பரப்பு அகலமாக இருப்பதால் பாய்ந்து வரும் பறவையை எளிதில் தவறவிடுவதில்லை. ஷாகீன், உலகெங்கும் பரவியுள்ள பொரி வல்லூற்றின் கிளையினம். டிடிடி பூச்சிக்கொல்லியால் முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் எடைக்கே உடைந்து, அமெரிக்காவில் அருகிப்போன அந்த இனம், 1972-இல் அங்கு டிடிடி தடை செய்யப்பட்ட பிறகு மீண்டெழுந்து, 1999-இல் அழியும் இனங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. முற்பகலுக்குப் பின் பாறையில் கானல் எழும்போது மட்டும் எந்த வில்லையும் பயன்படாது. அதற்குக் கருவியைக் குறை சொல்ல இயலாது.

குறைகளும் உண்டு. இரு கண்களின் பார்வை வேறுபாட்டைச் சரிசெய்ய வலக் கண் பக்கம் உள்ள திருத்த வளையம் சில மாதங்களில் தளர்ந்துவிட்டது; பழுதுபார்க்க அனுப்பியதில் அதே தளர்ச்சியோடு திரும்பி வந்தது. இப்போது அதன்மேல் ரப்பர் வளையம் மாட்டியிருக்கிறேன். வில்லை மூடிகள் தாமாகவே கழன்று விழுகின்றன. இரவில் நடமாடும் தேவாங்கைத் தேடுவோருக்கு இதனால் பெரிய பயன் இல்லை.

கண்ணாடி அணிபவர்கள், கண் வைக்கும் முனையிலுள்ள கண்மூடி வளையத்தைத் திருகி உள்ளிறக்கிப் பார்த்த பிறகே வாங்க வேண்டும். கடைக்குள் பார்ப்பதோடு நிறுத்தாமல், வாசலுக்கு வந்து எதிர்க் கட்டடத்தின் பெயர்ப்பலகை எழுத்துகளைப் பாருங்கள். விளிம்புகளில் ஊதா நிறம் அதிகமாகப் படிந்தால் வேறொன்றைக் கேளுங்கள்.